இரும்பு உருகத் தேவையில்லை

தண்டையார்பேட்டையில் என் தாத்தாவுக்கு ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. காசிமேட்டுப் படகுகளுக்கு நங்கூரக் கொக்கியும் பட்டையும் ஆணியும் அடித்துக் கொடுப்பார். பள்ளி விடுமுறையில் துருத்தி இழுப்பது என் வேலை. கரி உலைக்குள் கிடக்கும் கம்பி வெகுநேரம் கறுப்பாகவே இருக்கும், பிறகு மங்கலாகச் சிவக்கும், அதன்பின் பழுக்கும். பழுத்த கம்பியைக் குறட்டால் எடுத்துப் பட்டடைமேல் வைத்து நாலு அடி அடித்தால் போதும், விரல் தடிமன் இரும்பு கொக்கியாக வளைந்துவிடும். அத்தனை ஆண்டுத் தொழிலில் அவர் ஒருமுறைகூட இரும்பை உருக்கியதில்லை.

கட்டடங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியாளனாக வடசென்னையின் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த உலை என் நினைவுக்கு வரும். சென்ற கோடையில் இராயபுரத்தில் ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் விரிசல்களை அளந்துகொண்டிருந்தேன். குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மகன், கல்லூரி மாணவன், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்தான். திடீரென்று கேட்டான்: "சார், விமான எரிபொருள் எரிந்தால் இரும்பு உருகாது என்கிறார்களே, அப்படியானால் 2001-இல் விமானங்கள் மோதிய நியூயார்க் கோபுரங்கள் எப்படி விழுந்தன?"

கேள்வியின் முற்பாதி முற்றிலும் சரி. கட்டுமான எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். மேசையும் காகிதமும் துணியும் பிளாஸ்டிக்கும் எரிகிற ஒரு கூடத்தில் வெப்பம் 1,000 டிகிரியை எட்டினாலே அது கடுமையான தீ. ஆனால் எஃகு 400 டிகிரியைத் தாண்டியதுமே தளரத் தொடங்கிவிடுகிறது. 600 டிகிரியில் அதன் வலுவில் பாதிதான் மிஞ்சும். வளையாமல் நிற்கும் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். கட்டடத் தீயின் போக்கைக் கணிக்க உலகெங்கும் சோதனைக்கூடங்கள் பயன்படுத்தும் வெப்பக் கோடு ஒன்று உண்டு: 5 நிமிடத்தில் 576 டிகிரி, அரை மணியில் 842, ஒரு மணி நேரத்தில் 945. மேலே எந்தப் பூச்சும் இல்லாத மெல்லிய எஃகு உத்திரம் இத்தகைய தீயில் கால் மணி, இருபது நிமிடத்திலேயே பாதி வலுவை இழந்துவிடும். என் தாத்தாவின் உலையில் நடந்ததும் இதுதான். அங்கே சம்மட்டி அடித்தது; கட்டடத்தில் அந்த வேலையை மேலே இருக்கும் மாடிகளின் எடை செய்கிறது.

இதைச் சொன்னதும் அவன் தலையாட்டினான். ஆனால் வலு குறைந்ததாலேயே கட்டடம் விழுந்துவிடும் என்று எடுத்துக்கொண்டால் பாதி உண்மைதான் கையில் கிடைக்கும். நல்ல கட்டடத்தில் ஒவ்வொரு தூணும் தான் சுமப்பதைவிடக் கூடுதலாகச் சுமக்கும்படியே கட்டப்படுகிறது. ஒரு தூண் தளர்ந்தால் பக்கத்துத் தூண் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கூட்டுறவு எங்கே அறுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு அவனைக் கொடிக்கயிற்றருகே அழைத்துப் போனேன்.

இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே கயிறு விறைப்பாகக் கட்டியிருந்தது. யாரோ துவைத்த ஈரப் புடவைகளை அதில் போட்டிருந்தார்கள். எடையில் கயிறு தொய்ந்திருந்தது. தொய்ந்த கயிறு இரண்டு குழாய்களையும் உட்பக்கமாக இழுத்துச் சாய்த்திருந்தது. கட்டடத்தின் தளமும் தீயில் இப்படித்தான் ஆகிறது. முதலில் அது சூட்டில் நீளும். எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு நீள்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 10 மீட்டர் உத்திரம் 500 டிகிரி சூடேறினால் 6 சென்டிமீட்டர் நீண்டுவிடும். இரயில் தண்டவாளங்களுக்கு இடையே இடைவெளி விட்டது இதற்குத்தான். கட்டடத்தில் அந்த இடைவெளி இருப்பதில்லை. ஆகவே உத்திரம் இருபுறத் தூண்களையும் வெளியே தள்ளுகிறது, இணைப்புகளின் போல்ட்டுகளை நெருக்குகிறது. இன்னும் சூடேறினால் விறைப்பு போய், ஈரப் புடவை போட்ட கயிறாகத் தொய்ந்து, இதுவரை தள்ளிய தூண்களை இப்போது உள்ளே இழுக்கத் தொடங்குகிறது.

அடுத்தது ஈர்க்கு. தென்னந்துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, விரல் நீளத்துக்கு ஒடித்து இரு முனைகளையும் அழுத்திப் பாருங்கள். வளையாமல் எதிர்த்து நிற்கும். முழ நீளக் குச்சியை அழுத்தினால் உடனே வில்லாக வளைந்து ஒடியும். குச்சியும் தடிமனும் ஒன்றுதான்; நடுவில் பிடிமானம் இல்லை என்பதே வேறுபாடு. மெல்லிய தூணின் பிடிமானமற்ற நீளம் மூன்று மடங்கானால் அது வளையாமல் தாங்கும் சுமை ஒன்பதில் ஒரு பங்காகிவிடும் என்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே கணிதமேதை ஆய்லர் கண்டுசொன்ன கணக்கு. பல மாடிக் கட்டடத்தில் தூணுக்கு அந்தப் பிடிமானத்தைத் தருவது ஒவ்வொரு மாடியின் தளமும்தான். தளம் தூணின்மேல் உட்கார்ந்திருப்பதாக நாம் நினைக்கிறோம். அதே நேரம் தளம்தான் தூணை நேராகப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. தீ பெரும்பாலும் தூணை நேரடியாகக் கொல்வதில்லை. அதைப் பிடித்திருக்கும் கைகளை ஒவ்வொன்றாக விடுவிக்கிறது.

இப்போது நியூயார்க்குக்குப் போகலாம். உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் தலா 110 மாடி. வெளிச்சுவரில் பக்கத்துக்கு 59 வீதம் நெருக்கமாக நட்ட எஃகுத் தூண்கள். நடுவில் லிஃப்டுகளையும் படிக்கட்டுகளையும் சூழ்ந்து 47 தூண்கள். இரண்டுக்கும் நடுவே தூணே இல்லாத அகன்ற தளம். அந்தத் தளத்தைத் தாங்கியவை மெல்லிய கம்பிகளும் கோணப்பட்டைகளும் வைத்துப் பற்றவைத்த சட்டங்கள். அவற்றில் நீளமானவை 18 மீட்டர். 2001 செப்டம்பர் 11 காலை 8.46-க்கு வடக்குக் கோபுரத்தின் 93 முதல் 99-ஆம் மாடிகளுக்குள் ஒரு போயிங் 767 பாய்ந்தது. 9.03-க்கு மற்றொன்று தெற்குக் கோபுரத்தின் 77 முதல் 85-ஆம் மாடிகளுக்குள் பாய்ந்தது. ஒவ்வொன்றிலும் 30,000 லிட்டருக்கும் மேல் எரிபொருள். அமெரிக்காவின் தரநிலை மற்றும் தொழில்நுட்பத் தேசிய நிறுவனம் மூன்றாண்டு ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வடக்குக் கோபுரத்தில் 35 வெளித்தூண்களும் 6 நடுத்தூண்களும் அறுந்தன. தெற்கில் 33 வெளித்தூண்கள், 10 நடுத்தூண்கள். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு கோபுரங்களும் நின்றன. எஞ்சிய தூண்கள் சுமையைப் பங்கிட்டுக்கொண்டன. மோதல் மட்டும் நடந்து தீ இல்லாதிருந்தால் அவை அன்று விழுந்திரா.

ஆனால் மோதல் இன்னொரு காயத்தையும் ஏற்படுத்தியிருந்தது. உத்திரங்களின்மேலும் தளச் சட்டங்களின்மேலும் தெளித்து ஒட்டியிருந்த வெப்பக் காப்புப் பூச்சு, சிதறிப் பாய்ந்த துண்டுகளால் உரிந்து உதிர்ந்துபோயிற்று. எரிபொருள் சில நிமிடங்களிலேயே எரிந்து தீர்ந்துவிட்டது. அது தீக்குச்சி மட்டும்தான். அதன்பின் எரிந்தவை அலுவலகத்தின் மேசை, கம்பளம், காகிதம், கணினி. பூச்சு உரிந்த எஃகை அந்தத் தீ வாட்டியது. தளங்கள் தொய்ந்தன, வெளித்தூண்களை உள்ளே இழுத்தன. வடக்குக் கோபுரத்தின் தெற்கு முகத்தில் தூண்கள் விழுவதற்கு முன் ஒன்றேகால் மீட்டருக்கும் மேலாக உள்வாங்கியிருந்தது புகைப்படங்களிலேயே தெரிகிறது. காப்புப் பூச்சு பரவலாக உதிராமல் இருந்திருந்தால் கோபுரங்கள் பெரும்பாலும் விழுந்திரா என்பதே அந்த அறிக்கையின் முடிவு. முப்பது ஆண்டாகக் கட்டடங்களைப் பார்த்துவரும் எனக்கு, அந்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் இந்த ஒரு முடிவுதான் நெஞ்சில் நின்றது. சில சென்டிமீட்டர் தடிமனே கொண்ட பூச்சு அது.

பின்னால் தாக்கப்பட்ட தெற்குக் கோபுரம் முன்னால் விழுந்ததும் இதே கணக்குக்குள் அடங்கும். அது 56 நிமிடம் நின்றது; வடக்கு 102 நிமிடம். தெற்கில் விமானத்தின் வேகம் அதிகம், மணிக்குச் சுமார் 870 கிலோமீட்டர், வடக்கில் 710. அடிபட்ட இடமும் தாழ்வு. ஆகவே காயத்துக்கு மேலே ஏறத்தாழ 25 மாடிகளின் எடை இருந்தது. மோதல் நடுவில் படாமல் ஒரு மூலைப் பக்கமாகப் பட்டதால் சுமை ஒருபுறமாகச் சாய்ந்தது.

ஒரு மாடி சரிந்தால் அது கீழ் மாடியில் தங்கி நிற்காதா என்பது அந்த மாணவனின் அடுத்த கேள்வி. கொத்தவால்சாவடியில் சந்தை இருந்த காலத்தில் மூட்டை சுமந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏற்றிவிடுபவர் மெல்லத் தலைமேல் வைத்தால் நூறு கிலோ மூட்டையோடு நடந்துவிடுவார்கள். அதே மூட்டையை ஒரு முழ உயரத்திலிருந்து போட்டால் கழுத்து போய்விடும். எடையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையிலிருந்து சட்டென்று கைவிட்டாலே தாங்குவதன்மேல் விழும் விசை இரண்டு மடங்கு. பத்துப் பதினைந்து மாடிகள் ஒரு முழு மாடி உயரத்துக்குக் கீழே வந்து மோதும்போது விழும் விசைக்கு எந்தத் தளமும் வடிவமைக்கப்படுவதில்லை. முதல் மாடி தோற்றபின் மற்றவை தோற்பது நொடிக் கணக்கு.

மோதியும் விழாத கோபுரம் ஒன்று அதே ஊரில் உண்டு. 1945 ஜூலை 28 அன்று மூடுபனியில் வழிதவறிய பி-25 குண்டுவீச்சு விமானம் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79-ஆம் மாடியில் மோதியது. 14 பேர் இறந்தனர். தீயைச் சுமார் 40 நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்த விமானம் சிறியது. 2001-இல் மோதியவற்றின் இயக்க ஆற்றலில் ஐம்பதில் ஒரு பங்குகூட அதற்கு இல்லை. எஃகைச் சுற்றிலும் கனமான கற்கட்டும் கான்கிரீட்டும் இருந்தன; அது உரியவில்லை. தண்ணீரும் மேலே போய்ச் சேர்ந்தது.

தண்ணீர் போய்ச் சேராத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் அதே செப்டம்பர் நாளே சான்று. இரட்டைக் கோபுரங்களுக்கு அருகே 7-ஆம் எண் கட்டடம், 47 மாடி, விமானம் மோதாதது. சரிந்த வடக்குக் கோபுரத்தின் சிதறல்களால் தீப்பிடித்து ஏழு மணி நேரம் கேட்பாரற்று எரிந்து மாலை 5.20-க்கு விழுந்தது. நகரின் குடிநீர்க் குழாய்கள் உடைந்துபோனதால் கீழ்மாடிகளின் தானியங்கித் தெளிப்பான்களுக்கு நீர் வரவில்லை. சூட்டில் நீண்ட தள உத்திரங்கள், 79-ஆம் எண் தூணோடு இணைந்திருந்த பெரிய உத்திரத்தை அதன் இருக்கையிலிருந்து தள்ளிவிட்டன. 13-ஆம் மாடியின் தளம் சரிந்து, அடியிலிருந்த தளங்களையும் இழுத்துக்கொண்டு போனது. ஒன்பது மாடி உயரத்துக்குப் பிடிமானமின்றி நின்ற அந்தத் தூண் ஈர்க்குச்சியாக வளைந்தது. ஒரு தூணின் கதை முழுக் கட்டடத்தின் கதையாயிற்று. 2008-இல் வந்த அறிக்கை இதை விரிவாக விளக்குகிறது.

பூச்சின் மதிப்பைத் தெரிந்துகொள்ள மாட்ரிட்டைப் பார்க்கலாம். 2005 பிப்ரவரியில் அங்கே விண்ட்சர் கோபுரம் இரவு முழுவதும் எரிந்தது. எஃகுத் தூண்களுக்குக் காப்புப் பூச்சு பூசும் பணி அப்போது கீழிருந்து மேலாக நடந்துகொண்டிருந்தது. பணி எட்டாத மேல்மாடிகளில் வெளிவரிசைத் தூண்கள் தளங்களோடு சரிந்தன. 17-ஆம் மாடியிலிருந்த தடித்த தளம் அந்தச் சரிவைத் தாங்கி நிறுத்தியது. நடுவிலிருந்த கான்கிரீட் கூடு கடைசிவரை நின்றது. ஒரே கட்டடம், ஒரே தீ, இரண்டு முடிவுகள்.

டெஹ்ரானின் பிளாஸ்கோ கட்டடத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் எழுந்த 17 மாடி எஃகுக் கட்டடம். உள்ளே முழுக்கத் தையற்கூடங்களும் துணிக் கிடங்குகளும். 2017 ஜனவரி 19 அன்று தீப்பிடித்து, சில மணி நேரத்தில், அணைத்துக்கொண்டிருந்தவர்கள்மேலேயே சரிந்தது. 16 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரம் கடைகளுக்கு மேலே கூரைவரை அடுக்கிய துணிக்கட்டுகளைப் பார்க்கும்போது பிளாஸ்கோவை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. எரியும் சரக்கு எவ்வளவோ அவ்வளவு நேரம் தீ நிற்கும்; எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு ஆழத்துக்குச் சூடு இறங்கும்.

நம் ஊரில் எஃகுக் கோபுரங்கள் குறைவு, எல்லாம் கான்கிரீட்தானே என்று ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. அந்த ஆறுதலுக்கு நியாயமான அடிப்படை இருக்கிறது. 1959-இல் திறக்கப்பட்ட அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1975-இல் கடுமையாக எரிந்தது, விழவில்லை. இலண்டனின் கிரென்ஃபெல் கோபுரம் 2017-இல் அடி முதல் முடி வரை எரிந்தும் அதன் கான்கிரீட் எலும்புக்கூடு நின்றது. ஆனால் அங்கே 72 பேர் இறந்தார்கள். கட்டடம் நிற்பதும் மனிதர்கள் பிழைப்பதும் ஒன்றல்ல. புகை எதற்கும் காத்திருப்பதில்லை.

கான்கிரீட்டின் பலம் அதன் மந்தம். வெப்பத்தை அது மெதுவாகத்தான் உள்ளே விடும். வெளிப்புறம் 800 டிகிரியில் இருக்கும்போது நாலு விரற்கடை உள்ளே பாதிக்கும் குறைவாக இருக்கும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. 300 டிகிரியைத் தாண்டினால் பல வகைக் கான்கிரீட் இளஞ்சிவப்பாக நிறம் மாறும். தீக்குப் பிறகு உளியால் கொத்தி அந்த நிறம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று நாங்கள் பார்ப்பது அதனால்தான். 573 டிகிரியில் மணலிலும் ஜல்லியிலும் உள்ள குவார்ட்சு படிகம் உருமாறி வீங்குகிறது. கலவை உள்ளிருந்தே பிளக்கிறது. துளைகளில் சிக்கிய ஈரம் ஆவியாகி வழியின்றிக் காரையைத் துண்டு துண்டாக வெடித்து உதிர்க்கும். காரை உதிர்ந்தால் கம்பி வெளியே. கம்பி வெளியே வந்தால், பழையபடி தாத்தாவின் உலைதான்.

2017 மே 31 அதிகாலை தியாகராய நகரில் ஓர் ஏழு மாடி ஜவுளிக் கடை தீப்பிடித்தது. அணைக்க அணைக்க உள்ளே துணி எரிந்துகொண்டே இருந்தது. மறுநாள் விடியுமுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. எஞ்சியதைப் பிறகு இடித்தார்கள். கான்கிரீட் கட்டடம் விமானம் எதுவும் மோதாமலேயே ஒரு நாள் தீயில் விழும் என்பதைச் சென்னை தன் கண்ணாலேயே பார்த்தது. தீ தணியும்போதும் ஆபத்து தணிந்துவிடுவதில்லை: நீண்டுபோன உத்திரங்கள் ஆறும்போது சுருங்கி, ஏற்கெனவே நொந்துபோன இணைப்புகளை இழுக்கின்றன. எரிந்த கட்டடத்துக்குள் சாமான் எடுக்க ஓடுகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது இதனால்தான்.

இனி என் மனத்தை அரிக்கும் இடத்துக்கு வருகிறேன். கான்கிரீட்டில் கம்பிக்கு மேலே விடவேண்டிய காரைத் தடிமனை இந்தியத் தரநிலை 456 வரையறுக்கிறது. தூணில் 40 மில்லிமீட்டர். சாதாரணத் தளத்தில் 20. இரண்டு மணி நேரத் தீயைத் தாங்க வேண்டுமென்றால் தளத்தில் அதைவிட அதிகம். அதே தரநிலைப்படி, நாற்புறமும் தீயில் நிற்கும் தூண் இரண்டு மணி நேரம் தாங்க 300 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். மேஸ்திரிகள் இந்தக் காரைத் தடிமனைக் 'கவர்' என்பார்கள். அதற்காகக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் சிறு கல்லைக் கவர் பிளாக் என்பார்கள். மாட்ரிட்டில் பூசிய பூச்சும் நியூயார்க்கில் உரிந்த பூச்சும் நமக்கு இந்த 40 மில்லிமீட்டர்தான். கவர் பிளாக் வைக்கச் சோம்பி உடைந்த ஜல்லிச் சில்லை வைத்துக் கம்பியை நிறுத்திய தூண்களை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒரு பக்கம் 60 இருக்கும், மறுபக்கம் 10 இருக்கும். பூச்சு வேலை முடிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது.

சரியாக விட்ட கவரையும் வடசென்னையில் கடற்காற்று தின்கிறது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் உப்புக் காற்றின் வாசலில் இருக்கின்றன. உப்பு காரைக்குள் ஊறிக் கம்பியை எட்டினால் துரு தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாமல் காரையை வெளியே தள்ளும். முதலில் கம்பியின் நேர்க்கோட்டிலேயே ஒரு மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒருநாள் பலகை பலகையாக உதிர்வு. நியூயார்க்கில் ஒரு நொடியில் உரிந்த கவசம் இங்கே இருபது ஆண்டில் உதிர்கிறது. அந்த நிலையில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் தளத்தின் கம்பி வெறும் உடம்போடு தீயைச் சந்திக்கும். பலர் அந்த இடத்தில் சிமென்ட் அப்பி வெள்ளையடித்துவிடுகிறார்கள். துரு உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும்.

மோதலுக்கும் நமக்கு விமானம் தேவையில்லை. கார் நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளத்தில், பின்னோக்கி வரும் தண்ணீர் லாரி மூலைத்தூணில் இடிப்பது நம் தெருக்களில் வாடிக்கை. ஒரு தூண் போனால் அதன் இருபுற உத்திரங்கள் சேர்ந்து இரண்டு மடங்கு நீளமுள்ள ஒரே உத்திரமாகிவிடும். வளைவு விசை நான்கு மடங்காகும். அதோடு, தூணுக்கு நேர்மேலே இதுவரை உத்திரத்தின் மேற்கம்பி செய்த வேலையை இப்போது கீழ்க்கம்பி செய்ய வேண்டும். கம்பி கட்டியவர் கீழ்க்கம்பியைத் தூணுக்குள் தொடர்ச்சியாக ஓடவிட்டிருந்தால் உத்திரம் தொங்கியாவது நிற்கும். தூணருகிலேயே நறுக்கியிருந்தால் நிற்காது. கட்டும்போது ஓர் உத்திரத்துக்கு ஒன்றிரண்டு கிலோ கம்பிதான் வேறுபாடு.

சமையல் எரிவாயுவும் மோதல்தான். இலண்டனின் ரோனன் பாயின்ட் 22 மாடிக் குடியிருப்பில் 1968 மே 16 அன்று 18-ஆம் மாடி வீடொன்றில் எரிவாயு கசிந்து வெடித்தது. வெடிப்பு பெரிதல்ல. ஆனால் அந்தக் கட்டடம் ஆயத்தச் சுவர்ப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஒரு சுவர் வெளியே போனதும் மேலிருந்த மூலை முழுவதும் இறங்கி, கீழிருந்த மூலையையும் அடித்துக்கொண்டு தரைவரை வந்தது. நான்கு பேர் இறந்தனர். சிறு காரணத்துக்குப் பெரிய சரிவு கூடாது என்ற விதி பிரிட்டனில் பிறந்தது அதன் பிறகே. நம் கொடுங்கையூரில் 2017 ஜூலையில் ஒரு பேக்கரித் தீயை அணைக்கப் போனபோது சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். கூடி நின்ற பலர் காயமடைந்தார்கள். அடுக்குமாடிகளில் மாடிப்படிக்கு அடியில் காலி சிலிண்டர்களோடு நிறைந்தவற்றையும் அடுக்குவதைப் பார்த்தால் நான் வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் பேசுவேன். இறங்கி ஓடும் ஒரே வழி அந்தப் படி.

சௌகார்பேட்டையின் பழைய வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பிட்ட மெட்ராஸ் டெரஸ் தளங்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. தடித்த மரம் தீயில் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் சொச்சமே கரியாகும். அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும். பூச்சில்லாத மெல்லிய எஃகைவிட அது நெடுநேரம் நிற்கலாம். ஆனால் சுவருக்குள் செருகிய முனை கறையானாலோ ஈரத்தாலோ உளுத்திருந்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2012-இல் சேப்பாக்கத்தின் கலச மகால் எரிந்தபோது கூரை இடிந்து ஒரு தீயணைப்பு வீரர் பலியானார்.

இப்போது பெரம்பூரின் பழைய ஆலை மனையில் எழுந்திருக்கும் கோபுரங்களுக்கும், புளியந்தோப்பின் வாரிய அடுக்குமாடிகளுக்கும் வருவோம். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டியவற்றை உயரமான கட்டடம் என்கின்றன. அவற்றுக்குத் தீயணைப்புக்கென்று தனி நீர்த்தொட்டி வேண்டும். முறையாகக் கட்டினால் லாரியிலிருந்தோ குழாயிலிருந்தோ வரும் நீர் முதலில் தீத்தொட்டியை நிரப்பி, அது வழிந்துதான் குடியிருப்பின் தொட்டிக்குப் போகும். அதனால் குடும்பத்துக்குத் தண்ணீர் தீர்ந்தாலும் தீக்கு இருக்கும். ஆனால் சென்னைக் கோடையில் குடம் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் சும்மா இருக்கிறது என்றால் மனம் என்ன சொல்லும் என்று. ஒரு குடியிருப்பில் தீத்தொட்டிக்குள் சிறு மோட்டார் இறக்கி வீடுகளுக்கு நீர் ஏற்றியிருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று நாளாக லாரி வரவில்லை என்றார் ஓர் அம்மா. ஆனால் 7-ஆம் எண் கட்டடத்தில் தெளிப்பான் இருந்தது, குழாய் இருந்தது, நீர் மட்டும் இல்லை. அன்று மாலையே அந்த மோட்டாரை வெளியே எடுக்க வைத்தேன்.

கட்டடம் பெரும்பாலும் விழுவதற்கு முன் பேசும். திருவொற்றியூர் அரிவாக்குளம் கிராமத் தெருவில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட குடியிருப்புப் பிளாக் ஒன்று முழுமையாக இடிந்து விழுந்தது. தீயும் இல்லை, மோதலும் இல்லை. கவசம் தளர்ந்த கட்டடம் அது. விரிசல் விரிவதைப் பார்த்து மக்கள் முன்னதாகவே வெளியேறியதால் ஓர் உயிரும் போகவில்லை. தீயின்போது பேச்சு இன்னும் வேகமாக இருக்கும்: தளத்தில் புதுத் தொய்வு, தூண் வெளியே பிதுங்குவது, திறந்த கதவு மூட வராதது, தொடர்ச்சியான படபடப்பு ஓசை. கதவு நிலையில் சிக்குகிறது என்றால் நிலை கோணிவிட்டது என்று பொருள். பாதிப்பு எவ்வளவு என்று ஆராய அப்போது நேரமில்லை. படியில் இறங்க மட்டுமே நேரம் இருக்கும்.

இராயபுரம் குடியிருப்புக்குத் திரும்புகிறேன். மொட்டைமாடிப் பேச்சு முடிந்து நாங்கள் தரைத்தளத்துக்கு இறங்கினோம். அந்த மாணவன் கையில் என் சிறு சுத்தியலைக் கொடுத்து ஒவ்வொரு தூணாகத் தட்டச் சொன்னேன். நல்ல காரை கணீரென்று ஒலிக்கும். கம்பியைவிட்டுப் பிரிந்த காரை பொத்தென்று ஒலிக்கும். பதினான்கு தூண்களில் கடலைப் பார்த்த ஐந்தில் பொத்தென்றது. ஒன்றில் லாரி இடித்த பழைய தழும்பும் இருந்தது. இவற்றைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு அவன் தன் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டான். பழுதுபார்ப்பு மழைக்கு முன்பே முடிந்தது: முட்டுக் கொடுத்து, பொத்தல் காரையைக் கொத்தி எடுத்து, கம்பி வெள்ளைவெளேரென்று தெரியும்வரை துருவைச் சுரண்டி, பாதி தேய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, ரிங் போட்டு, காரை இட்டார்கள். கவர் பிளாக்கை அவனே எண்ணி வாங்கிவந்திருந்தான். நான் போய் அளந்தபோது நாற்புறமும் 40 இருந்தது. ஒரு பக்கம் மட்டும் 42.